பெறப்பட்டது: சாணம்

லாபிசுக்கு வெளியே, மில்லுக்குப் பின்னால்,
ஏழாம் எண் குளத்துக்குக் காவல் நான்.
காவல் என்பது பேச்சுக்கு.
சம்பளச் சீட்டில் 'கழிவுநீர்ப் பிரிவு, தரம் மூன்று'.

குளத்தைப் பார்க்க முடியாது.
இரண்டு பந்துத் திடல் அகலத்துக்குக்
கறுப்புப் படுதா போர்த்தி
ஓரத்தை உருக்கி ஒட்டியிருக்கிறார்கள்.
செம்பனை பிழிந்து மிஞ்சிய தண்ணீர்
கடுங்காப்பி நிறத்தில் வந்து
அதற்கடியில் படுக்கிறது.
நல்ல நாளில் படுதா
எட்டு மாத வயிறு மாதிரி நிற்கும்.
மழை பெய்து மேலே தேங்கினால்
நானும் ரஷிதுலும் செருப்பைக் கழற்றிவிட்டு
அந்த வயிற்றின் மேல் நடந்து
தண்ணீரைத் தள்ளிவிடுவோம்.
காலுக்குக் கீழே மெத்தென்று ஏதோ நகரும்.
அவன் பிஸ்மில்லா சொல்வான்.
நான் ஒன்றும் சொல்வதில்லை,
அடியை மட்டும் மெதுவாக வைப்பேன்.

உள்ளே வேலை செய்பவர்களை யாரும் பார்த்ததில்லை.
காற்று ஆகாது அவர்களுக்கு. வெளிச்சமும் வேண்டாம்.
தின்றுகொண்டே இருப்பார்கள்.
அவர்கள் விடும் மூச்சுதான் என்ஜினில் எரிந்து
கம்பி ஏறி டவுனுக்குப் போகிறது:
ஆ ஹெங் கடை ஐஸ் பெட்டிக்கு,
பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கு,
மாரியம்மன் கோயில் சீரியல் பல்புக்கு.
படுதா வருவதற்கு முன்னால்
அதே மூச்சு சும்மா மேலே போனது.
ஊரெல்லாம் அழுகிய முட்டை நாற்றம்.
பஸ்ஸில் எங்கள் சட்டையை மோந்து
இடம் மாறி உட்கார்ந்தவர்கள் உண்டு.

அக்டோபரில் குலை கொட்டோ கொட்டென்று கொட்டியது.
மில் இரவும் பகலும் ஓடியது.
குளத்துக்கு இரட்டிப்பாக ஊட்டச் சொன்னார்கள்.
ஊட்டினேன்.
செவ்வாய், மானியில் ஆறு புள்ளி எட்டு.
வியாழன், ஆறு புள்ளி நாலு.
சனிக்கிழமை படுதா சுருங்கித் தொங்கியது.
என்ஜின் இரண்டு முறை இருமி நின்றது.
புட்டியில் எடுத்துப் பார்த்தால் காடி வாடை.
நோட்டில் எழுதினேன்: புளித்துவிட்டது.
இஞ்சினியர் ஊய் அதை அடித்துவிட்டு
இங்கிலீஷில் நீளமாக எழுதினார்.
பொருள் அதேதான்.

சுண்ணாம்பு கொட்டினோம். அசையவில்லை.
"உயிரோடு இருக்கும் கிருமி வேண்டும்," என்றார் ஊய்,
"மாட்டு வயிற்றில் இருப்பது."
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

தோட்டத்தில் மாடு வைத்திருப்பவர்
அஞ்சாப்புலி ஒருவர்தான். இருபத்தாறு உருப்படி.
செம்பனைக் கன்றுகளைக் கடிக்கின்றன,
மாத முடிவுக்குள் அப்புறப்படுத்தவும் என்று
நிர்வாகம் கொடுத்த கடிதம்
கொட்டகைக் கம்பத்தில் ஆணியடித்துக் கிடந்தது.
அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டேன்:
நாற்பது பீப்பாய் சாணம். பச்சையாக.

அவர் சிரிக்கவில்லை.
"காசு ஒண்ணும் வேணாம்மா.
ரசீது வேணும். கம்பெனித் தாள்ல.
மேனேஜர் கையெழுத்தோட."

என்சிக் ஹல்மி பேனாவை இரண்டு தரம் மூடித் திறந்தார்.
பெறப்பட்டது: சாணம், நாற்பது பீப்பாய்,
நல்ல நிலையில்.

மூன்று நாள் கரைத்து ஊற்றினோம்.
ரஷிதுலின் நகக்கண்ணில் வெள்ளிக்கிழமைத் தொழுகை வரை பச்சை.
பிறகு காத்திருந்தோம், குளத்தைப் பட்டினி போட்டு.
பதினோராம் நாள் படுதாவின் வடக்கு மூலையில்
ஒரு கொப்புளம், தோசை அளவு.
இருபதாம் நாள் குழாய் முனையில் தீ வைத்தார்கள்.
பகலில் அந்த நெருப்பு கண்ணுக்குத் தெரியாது.
நேராக வந்த கொக்கு
சட்டென்று விலகிப் பறந்ததில்தான்
எரிகிறது என்று தெரிந்தது.

போன வாரம் கொட்டகைப் பக்கம் போனேன்.
கம்பத்தில் இப்போது மூன்று தாள்.
பழைய கடிதம், ரசீது,
டிசம்பர் முடிய மறு தவணை.
மூன்றிலும் ஒரே கையெழுத்து,
வால் இழுத்த அதே 'ஹ'.
அஞ்சாப்புலி ஒரு கன்றுக்கு உண்ணி பிடுங்கிக்கொண்டே
தலையைத் தூக்காமல் கேட்டார்:
"குளம் இனிமே எப்பம்மா புளிக்கும்?"